பட்டைக்காரியின் பை

பட்டறையில் ஒருத்தியை அவள் மேஜையை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். ஜிப் வைக்கிறவள் ஜிப்பு. உள்துணி தைக்கிறவள் லைனிங்கு. முன்பக்கத்தில் சின்னப் பைகளைப் பொருத்துகிறவள் பாக்கெட்டு. தோளில் மாட்டும் பட்டைகள் இவள் மேஜைக்கு வரும் என்பதால் இவள் பட்டைக்காரி. வீட்டுக்காரனுக்கும் அந்தப் பெயர் பிடித்துப்போய், கோபமில்லாத நாட்களில் அப்படித்தான் கூப்பிடுவான்.

பட்டை தைப்பது பார்க்கச் சுலபம். பட்டையின் முனையைப் பையின் முதுகில் வைத்து, சதுரமாக ஒரு சுற்று ஓட்டி, சதுரத்துக்குள் பெருக்கல் குறி போட்டு, அதன்மேலேயே இன்னொரு முறை போய்வர வேண்டும். கை அவசரப்பட்டால் ஊசி ஒடிந்து கண்ணுக்கு நேராகத் தெறிக்கும். அந்தக் குறி சரியாக விழாத பை கடையில் தொங்கும்போது ராஜா மாதிரி இருக்கும். சுமை ஏறிய அன்றைக்குக் காலை வாரிவிடும்.

தைத்து முடித்த பைகளின் வயிற்றில் ஸ்பாஞ்சுத் துண்டுகளையும் கிழிசல் காகிதத்தையும் அடைப்பார்கள். அப்போதுதான் பை நிமிர்ந்து நிற்கும். அப்படி வயிறு உப்பிய பைகளைத் தட்டித் தட்டி வண்டியேற்றியே அவளுக்கு வயது ஏறிவிட்டது. புத்தகம் வைத்த பை ஒன்றை அவள் தோளில் மாட்டியதில்லை. பள்ளிக்கூடம் போன காலத்தில் துணிப்பை. அதுவும் பாதியில் நின்றது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில்தான் விஷயத்தைச் சொன்னாள்.

"காலேஜுல இடம் கெடைச்சிருச்சு."

"பையனுக்கா? சந்தோஷம்" என்றாள் லைனிங்கு.

"அவனுக்கும்."

பாக்கெட்டு சோற்றை வாய்க்குக் கொண்டுபோன கையை நிறுத்தினாள். "அவனுக்கும்னா?"

"எனக்கும்."

"எந்தக் காலேஜு?"

"அதே காலேஜு. அவன் வணிகவியல். நான் பொருளாதாரம்."

லைனிங்கு சாப்பாட்டு டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு ஜிப்பு, "அக்கா, அப்போ பரீட்சையில யாரு யாரைப் பார்த்து எழுதுவீங்க?" என்றாள். பட்டறை சிரித்தது. சிரித்து முடித்த பாக்கெட்டு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மகனைப் பெத்தா இப்படிப் பெறணும். துணைக்கு அம்மாவையும் கூட்டிட்டுப் போறான் பாரு" என்றாள்.

"அவன் எங்க கூட்டிட்டுப் போறான்? அவனுக்கு இன்னும் இது விளையாட்டு."

பட்டறை மேஸ்திரி முகத்தைச் சுளித்துக்கொண்டே அவளை மாலை வேலைக்கு மாற்றிக் கொடுத்தார். "காலையில என்னத்தையோ படி. இங்க வந்து எனக்குப் பாடம் எடுக்காத, அவ்வளவுதான்."

சனிக்கிழமை வேலை முடிந்து கிளம்பும்போது பாக்கெட்டு அவளை வாசலில் மறித்து ஒரு பையைக் கையில் திணித்தாள். பின்னால் எல்லோரும் நின்றார்கள். மிச்சத்துணியில் தைத்த பை. உடல் கரும்பச்சை, முன்பைகள் சாம்பல், ஜிப் மட்டும் செக்கச்சிவப்பு. ஒன்றுக்கொன்று ஒட்டாத சொந்தக்காரர்கள் ஒரே போட்டோவில் நிற்கிற மாதிரி இருந்தது. அவளுக்குத் தெரியாமல் மேஜை மேஜையாகக் கைமாற்றித் தைத்திருக்கிறார்கள். பட்டறை வழக்கப்படி வயிற்றில் ஸ்பாஞ்சும் அடைத்திருந்தார்கள்.

"எதுக்குடி இதெல்லாம்?"

"எதுக்கோ. போய்க் கொண்டாடு" என்றாள் லைனிங்கு.

வாங்கிக்கொண்டாள். வேறு பையாக இருந்தால் தலைகீழாகப் புரட்டித் தையலை இழுத்துப் பார்த்திருப்பாள். இதைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. பிள்ளையை ஏந்துவதுபோல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க மழை.

வீடு ஒரு அறையும் சமையற்கட்டும். மழை பிடித்துவிட்டால் பெயிண்டருக்கு வெளிச்சுவர் வேலை கிடையாது. அவள் புருஷன் காலையிலிருந்து கட்டிலில் கிடந்து உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊரார் வீட்டுக்கெல்லாம் வண்ணம் அடிக்கிறவனின் சொந்த உத்தரத்தில் ஒழுகல் கறை பழுப்பாகப் படர்ந்திருந்தது. மகன் நண்பனைப் பார்க்க வெளியே போயிருந்தான்.

சாயங்காலம் விளக்கைப் போட்டுவிட்டு, "கொஞ்சம் காலை மடக்கிக்கோங்க" என்று கட்டிலின் கால்மாட்டில் இடம் பிடித்தாள். பையின் வாயைத் திறந்து ஸ்பாஞ்சையும் காகிதத்தையும் வாரி வெளியே கொட்டினாள். பை துவண்டு மடியில் படுத்தது. ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பழைய புத்தகக் கடையில் வாங்கிய தடித்த பொருளாதாரப் புத்தகம். நீளமான நோட்டுகள். பேனாப் பெட்டி. குடை. தண்ணீர் பாட்டில். வகுப்பு முடிந்து நேரே பட்டறைக்குப் போகவேண்டும் என்பதால் வேலைக்குக் கட்டும் மேலங்கி, நூல் வெட்டும் கத்தரி, ஊசி குத்தாமல் காக்கும் விரல் தொப்பி. கனமானதை முதுகுப் பக்கம் நிறுத்தினாள். பாட்டிலைப் பக்கவாட்டில் செருகினாள். எடை முன்னால் தொங்கினால் தோள் செத்துவிடும் என்று பை தைக்கிறவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

புருஷன் எழுந்து உட்கார்ந்தான்.

"ஏய், நெசமாவே போறியா?"

"பின்னே? இத்தனை நாளா என்ன சொல்லிட்டிருந்தேன்?"

"சொல்லிட்டுத்தான் இருந்தே. நானும் 'எங்க வீட்டு மாணவி'ன்னு நாலு பேர்கிட்ட சொல்லிச் சிரிச்சுட்டுத்தான் இருந்தேன். அதுக்காக..."

"சிரிச்சாச்சுல்ல? இனிமே படுத்துக்கோங்க."

பிள்ளை பள்ளி இறுதிக்குப் படிக்கும்போதே இவளும் தனியாகப் பணம் கட்டி அதே பரீட்சையை எழுதினாள். அதுவும் வேடிக்கையாகத்தான் பார்க்கப்பட்டது. தேறினபோது புருஷன் இனிப்பு வாங்கி வந்தான். விண்ணப்பம் போட்டபோது "போடு, போடு" என்றான். இடம் கிடைத்தபோதுகூட ஒருவரும் பயப்படவில்லை. பை வீட்டுக்கு வந்து, அதில் புத்தகம் ஏறின பிறகுதான் அந்த அறைக்கு விஷயம் விளங்கியது.

மகன் நனைந்துகொண்டே உள்ளே வந்தான். செருப்பைக் கழற்றப் போனவன் கட்டிலைப் பார்த்து அப்படியே நின்றான்.

"ம்மா. என்ன இது?"

"பை."

"தெரியுது. யாருக்கு?"

"உனக்குத்தான் புதுசு வாங்கியாச்சே. இது எனக்கு."

"ம்மா, விளையாடாத. நாளைக்கு நீ வரப்போறியா?"

"முதல் வகுப்பே மொழி வகுப்பு. உங்க துறையும் எங்க துறையும் ஒண்ணாத்தான் உக்காரணும்னு போர்டுல போட்டிருக்கான். தலையைத் துவட்டு முதல்ல."

அவன் துவட்டவில்லை. முடியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

"வேற காலேஜே கெடைக்கலையா உனக்கு?"

"உனக்குக் கெடைச்சுதா?"

கட்டிலில் இருந்தவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மகன் முறைத்ததும் அடக்கிக்கொண்டான்.

"அப்பா, நீங்களாவது சொல்லுங்க. பள்ளிக்கூடத்துல ஒரு நாள் சாப்பாடு கொண்டுவந்து, ஜன்னல் வழியா 'கண்ணு'ன்னு கூப்பிட்டாங்க. பள்ளிக்கூடம் முடியிற வரைக்கும் எனக்கு அதுதான் பேரு. பெஞ்சுல எழுதி வெச்சானுங்க. காலேஜுல என்னை யாருக்கும் தெரியாதுன்னு நிம்மதியா இருந்தேன். பக்கத்துப் பெஞ்சுல அம்மா உக்காந்திருந்தா நான் எப்படித் தலையைத் தூக்குறது?"

"தூக்காத. குனிஞ்சு எழுது" என்றாள்.

அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து சேர்ந்தாள். தெருமுனையில் இஸ்திரிக்கடை வைத்திருப்பவள். தம்பி மகனின் முதல் நாள் சட்டையை மடிப்புக் கலையாமல் பாலிதீன் உறையில் போட்டு, குடையை அதற்குப் பிடித்து, தான் நனைந்து, அதை நனையாமல் கொண்டுவந்திருந்தாள். உறையை ஆணியில் மாட்டிவிட்டுத் திரும்பி மூன்று முகங்களையும் பார்த்தாள். பிறகு பையைப் பார்த்தாள்.

"ஓகோ" என்றாள்.

"வாங்க அண்ணி."

"வந்தேன். தோள்ல பையை மாட்டிட்டுச் சின்னப்பொண்ணு கணக்கா நீ நடந்து போவே, நான் கடையில நின்னு பார்க்கணும். துணி கொடுக்க வர்ற பொம்பளைங்க, 'உங்க தம்பி பொண்டாட்டி எங்க போறா'ன்னு கேப்பாளுக. நான் என்ன சொல்ல?"

"காலேஜுக்குன்னு சொல்லுங்க."

"எதுக்குன்னு கேட்டா?"

"படிக்க."

"படிச்சு?"

"படிச்சுட்டுச் சொல்றேன் அண்ணி. இப்பவே எப்படித் தெரியும்?"

"அத்தை, அவங்க வந்தா நான் போகமாட்டேன்" என்றான் மகன். சத்தம் போடாமல்தான் சொன்னான். முடிவு செய்துவிட்ட குரல். "சத்தியமாச் சொல்றேன். அவங்க போகட்டும். நான் அப்பாகூட வேலைக்குப் போறேன்."

பெயிண்டர் கட்டிலிலிருந்து இறங்கினான். விளையாட்டு முகம் போய்விட்டது. பைக்குள் கையை விட்டுத் தடித்த புத்தகத்தை வெளியே எடுத்து அலமாரியின் மேல் வைத்தான்.

"இந்தா பாரு. எனக்குன்னு ஒருத்தன்தான். இவனாவது ஏணியில ஏறாமப் பொழைக்கட்டும்னு நெனைச்சேன். நீ அடுத்த வருஷம் போ. வேற எதுலயாவது சேரு. தபால்ல படி. யாரு வேண்டாம்னா? பெத்தவ நீதானே கொஞ்சம் விட்டுக்கொடுக்கணும்?"

"அவன் ஏணி ஏறவேண்டாம்னுதான் நானும் நெனைக்கிறேன். அதுக்கு நான் எதுக்குக் கீழ நின்னு பிடிச்சிட்டே இருக்கணும்?"

எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்து வந்து மறுபடி பைக்குள் வைத்தாள். அவன் மறுபடி எடுக்கக் கை நீட்டினான். அவள் ஜிப்பை இழுத்து மூடினாள். சிவப்பு ஜிப் கரகரவென்று ஒரே ஓட்டமாக ஓடி நின்றது.

"இத்தனை வருஷம் விட்டுக்கொடுத்தேன். அது யார் கண்ணுலயும் படலை. ஒரு தடவை எடுத்துக்கிட்டேன். வீடே திரண்டு வந்து நிக்குது."

சொல்லிக்கொண்டே ஒரு கையால் பையைத் தூக்கித் தோளில் போட்டாள்.

பட்டென்று ஒரு சத்தம். வலது பட்டை அடியோடு பிய்ந்து கையோடு வந்தது. பை சரிந்து, பாட்டில் உருண்டு, அலமாரிக்கு அடியில் போய் முட்டியது.

நாத்தனார்தான் முதலில் சிரித்தாள். "பார்த்தியா! உன் பைக்கே உன்கூட வர இஷ்டமில்ல."

பெயிண்டரும் சிரித்தான். மகன்கூட வாயை மூடிக்கொண்டு திரும்பி நின்றான். ஒரு நொடியில் அறை மறுபடி பழைய வேடிக்கைக்குத் திரும்பிவிட்டது. இனி அவளும் சிரித்து, பையை ஆணியில் மாட்டிவிட்டு, இரவுச் சாப்பாட்டைப் பார்க்கப் போயிருந்தால் அதோடு முடிந்திருக்கும்.

அவள் பையைக் கவிழ்த்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். ஜிப் சுத்தமாக இருந்தது. உள்துணியில் ஒரு சுருக்கம் இல்லை. முன்பைகளின் மூலைகள் கத்தரித்த மாதிரி இருந்தன. பட்டை முனையில் மட்டும் இடம் பிடித்து நிறுத்த ஓட்டிய ஒற்றைத் தையல். அது அறுந்திருந்தது. சதுரமும் இல்லை, பெருக்கல் குறியும் இல்லை. மற்ற பட்டையிலும் இல்லை.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பட்டறையில் தைக்கிற பை ஒவ்வொன்றும் அவள் மேஜையைத் தாண்டித்தான் போகும். இந்தப் பை அவளுக்குத் தெரியாமல் போயிருக்கிறது. அவரவர் வேலையை அவரவர் ஒழுங்காகச் செய்துவிட்டு, பட்டை வேலை என்றைக்கும்போல் நடந்திருக்கும் என்று நம்பி அடுத்த மேஜைக்குத் தள்ளியிருக்கிறார்கள். தைக்காமல் விட்ட ஒரே வேலை அவளுடையது.

அவளும் சிரித்தாள். மற்றவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு, தனியாக, கண்ணில் நீர் வருமளவுக்குச் சிரித்தாள்.

"என்ன ஆச்சு இவளுக்கு?" என்றாள் நாத்தனார்.

"ஒண்ணுமில்ல அண்ணி. என் வேலையை எனக்கே விட்டுவெச்சிருக்காளுக."

தடித்த ஊசியையும் மெழுகு நூலையும் எடுத்துத் தரையில் உட்கார்ந்தாள். விரல் தொப்பியை மாட்டினாள். மெஷின் இல்லாமல் அந்தக் கனத்தில் ஊசி சுலபத்தில் இறங்காது. பையை ஒருவர் இறுக்கிப் பிடிக்கவேண்டும்.

"பிடிங்க" என்றாள் புருஷனிடம்.

அவன் யோசிக்காமல் குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்தான். பிடித்த பிறகுதான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது. "இதைப் பிடிச்சதால நான் ஒத்துக்கிட்டேன்னு நெனைக்காத."

"நெனைக்கல. இறுக்கிப் பிடிங்க."

ஊசி துணிக்குள் போய் மறுபக்கம் தலைகாட்டியது. பல்லால் இழுத்து வாங்கினாள். ஒரு பக்கம் முடிந்து மூலை திரும்பியது. மகன் சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்தான்.

"ம்மா, ஒண்ணு சொல்றேன். வேணும்னா ரெண்டு பேரும் போவோம். ஆனா நீ வேற பஸ்ஸுல வா. என்கிட்டப் பேசாத. யாராவது கேட்டா, என்னைத் தெரியாதுன்னு சொல்லிடு. அது போதும் எனக்கு."

"நல்ல யோசனை. பிள்ளை எவ்வளவு இறங்கி வர்றான் பாரு" என்றாள் நாத்தனார்.

அவள் பதில் சொல்லாமல் அந்தப் பக்கத்தை முடித்தாள். சதுரம் மூடியது. குறுக்கே இறங்க ஆரம்பித்தபோதுதான் பேசினாள்.

"வேற பஸ்ஸுல வர்றேன். கடைசி பெஞ்சுல உக்காருறேன். நீ என்னைத் தெரியாத மாதிரி இருந்துக்கோ, அது உன் பாடு. ஆனா நான் உன்னைத் தெரியாத மாதிரி இருக்கமாட்டேன். அப்படி ஒரு வேலை எனக்குத் தெரியாது. கத்துக்கவும் மாட்டேன்."

"அப்போ நான் போகமாட்டேன்."

"போகாத."

"ஏய்!" என்றான் பெயிண்டர். பிடி தளர்ந்தது.

"பிடிங்க. போகணும்னு தோணினா அவனே எழுந்திருச்சுப் போவான். அம்மாவைக் கட்டிப்போட்டு வெச்சாத்தான் படிப்பேன்னா, அந்தப் படிப்பு எனக்கு வேணாம். அதைப் படிச்சுட்டு வர்றவனை நாளைக்கு நான் எந்த முகத்தோட பார்க்குறது?"

மகன் போர்வையை இழுத்துத் தலைவரை மூடிக்கொண்டு படுத்துவிட்டான். பசிக்கவில்லை என்றான். அவள் இரண்டாவது பட்டையையும் தைத்து முடித்து நூலைக் கடித்தாள். பட்டையை மிதித்துக்கொண்டு பையை இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

கிளம்பின நாத்தனார் வாசலில் குடையை விரித்துவிட்டு நின்றாள். "நாளைக்கு எதை உடுத்திட்டுப் போறதா உத்தேசம்?"

கொடியில் கிடந்த சேலையை அவள் காட்டினாள்.

"கசங்கிக் கெடக்கு. கொடு இங்க. உனக்காக இல்ல. என் தம்பி மானம் போகக்கூடாதுன்னு."

அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு மழையில் இறங்கினாள்.

விடியும்போது மழை தூறலாகக் குறைந்திருந்தது. இஸ்திரி போட்ட துணி வாசல் கதவில் தொங்கியது. நாத்தனார் மாட்டிவிட்டுக் கூப்பிடாமலே போயிருக்கிறாள். சோறு வடித்து, முட்டை வேகவைத்து, தனக்கு ஒரு டப்பாவும் மகனுக்கு ஒரு டப்பாவும் கட்டினாள். மகனுடையதை அவன் பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு விழித்திருந்தான். இமை துடித்தது.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கு" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

போர்வை இன்னும் கொஞ்சம் மேலே ஏறியது.

புருஷன் வாசல்படியில் தம்ளரோடு உட்கார்ந்திருந்தான். வழியை விடாமல், மறிக்கவும் செய்யாமல், பாதி நகர்ந்தான். "அவன் போகலேன்னா அது உன் தலையிலதான் விடியும்."

"விடியட்டும். இதுவரைக்கும் எல்லாம் அங்கதானே விடிஞ்சுது?"

தெருமுனையில் கடைப்பலகையைத் திறந்துகொண்டிருந்த நாத்தனார் அவளைப் பார்க்காததுபோல் பார்த்தாள். பை முதுகில் சரியாக உட்கார்ந்திருந்தது. எடை தோளில் தெரிந்தது, வலிக்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் அவளைவிட மிகச் சின்னவர்கள் நின்றார்கள். ஒரு பெண் நகர்ந்து, "ஆன்ட்டி, நீங்க உக்காருங்க" என்றாள். "நானும் காலேஜுக்குத்தான். நின்னுக்கிறேன்" என்றாள்.

முதல் பஸ்ஸை விட்டுவிட்டாள். இரண்டாவதையும் விட்டாள். மகன் வரவில்லை. மூன்றாவதில் ஏறினாள்.

மொழி வகுப்பு நீண்ட அறை. ஈரக் குடைகள் வாசலில் குவிந்து கிடந்தன. அவள் உள்ளே நுழைந்ததும் சிலர் எழுந்து நின்றார்கள், ஆசிரியை என்று நினைத்து. அவள் கடைசிப் பெஞ்சுக்கு நடந்து போனதும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

ஆசிரியர் வந்து வருகைப் பதிவைத் தொடங்கினார். வணிகவியல் எண்கள் முதலில். மகனின் எண் அவளுக்கு மனப்பாடம். நெருங்க நெருங்க வாசலைப் பார்த்தாள். கூப்பிட்டார். பதில் இல்லை. இன்னொரு முறை கூப்பிட்டார்.

"இந்தப் பையனை யாருக்காவது தெரியுமா? முதல் வாரம் வராதவங்க பேரை எடுத்துடச் சொல்லியிருக்காங்க. இடத்துக்கு ஆள் காத்திருக்கு."

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. அவன் கேட்டது அதுதான். அவள் வாயைத் திறக்காவிட்டால் அது அப்படியே இருக்கும், இடம் போகும் வரைக்கும்.

எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் சார்."

"நீங்க?"

"பொருளாதாரம், முதல் வருஷம். அவன் என் மகன்."

எல்லாத் தலைகளும் திரும்பின. முன்பெஞ்சில் ஒருவன் விசிலடிக்க வாயைக் குவித்து, பிறகு விட்டுவிட்டான்.

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அம்மாகூட ஒரே வகுப்புல உக்கார வெக்கமா இருக்காம்."

சிரிப்பு அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. அவள் உட்காரவில்லை. அது அடங்கும்வரை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியாகச் சிரித்தவன் தன் சத்தம் மட்டும் தனியாகக் கேட்டதும் நிறுத்திக்கொண்டான்.

"பேரை எடுத்துடாதீங்க சார். நல்லாப் படிக்கிறவன்."

ஆசிரியர் பேனாவைத் திறந்தபடி யோசித்தார். "சரி. நாளைக்கு வருவாரா?"

வருவான் என்று சொல்லத்தான் வாய் வந்தது.

"அது அவன் இஷ்டம் சார்" என்றாள். "நான் வருவேன்."